புயல் வாரத்தில் கோத்தகிரிப் போட்டிக்குக் கிளம்பலாமா? கடலூரிலிருந்து ஒரு கேள்வி

உப்பலவாடி (கேள்வி)

வணக்கம். கடலூர் முதுநகரில் வலை, நைலான் கயிறு, மிதவை விற்கும் கடை வைத்திருக்கிறேன். வீடு குண்டு உப்பலவாடியில். வயது 44. ஆறு ஆண்டுகளாக மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். எங்கள் பக்கம் மலை என்று பெயர் சொல்ல இருப்பது கேப்பர் மலை மட்டும்தான். நீலகிரிக்காரர்கள் அதைப் பார்த்தால் மேடு என்பார்கள். ஆனால் அந்தச் செம்மண் மேட்டின் சரிவுகளில், முந்திரித் தோப்புகளுக்கு இடையே போகும் வண்டித் தடங்களில்தான் என் கால்கள் பழகின. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் பதினைந்து முறை ஏறி இறங்கிவிட்டு எட்டு மணிக்குக் கடையைத் திறந்துவிடலாம்.

நான் ஓடும் போட்டி 6 மணி நேரப் போட்டி. தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் சோலைக் காட்டு ஓரமாகவும் ஒரு சுற்றுப்பாதை போட்டிருப்பார்கள். ஆறு மணி நேரத்துக்குள் யார் அதிகச் சுற்று முடிக்கிறாரோ அவர் வென்றார். என் வயதுக்காரர்களுக்கு இது பொருத்தமான போட்டி. முதல் மணி நேரத்தில் இளைஞர்கள் பறந்துவிடுவார்கள். நாலாவது மணி நேரத்தில் அவர்களில் பலரைச் சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கப் பார்க்கலாம்.

சிக்கல் மாதத்தில் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் ஓடும் மலைப் போட்டிகள் பெரும்பாலும் குளிர் தொடங்கும் நவம்பர், டிசம்பரில் வருகின்றன. அதே வாரங்களில்தான் வங்கக்கடல் எங்களைத் தேடி வருகிறது. 2011 டிசம்பர் 30 தானே, 2020 நவம்பர் 25 நிவர், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல். கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தத் தேதிகளைச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்.

ஃபெஞ்சலின்போது நடந்ததை முழுவதும் எழுதிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போட்டி 2024 டிசம்பர் 1, ஞாயிறு. நவம்பர் 28 வியாழன் வந்த வானிலைச் செய்தி, கரையை நெருங்கும்போது அது வலுக்குறைந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கடக்கலாம் என்றது. என் கடைக்கு வரும் படகுக்காரர்கள் ஏற்கெனவே கடலுக்குப் போகாமல் வலையைக் கட்டிவைத்திருந்தார்கள். தாழ்வு மண்டலம்தானே, மழையோடு போய்விடும் என்று நம்பினேன். வியாழன் இரவே சைக்கிளைக் கழற்றி அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். வெள்ளி மதியம் அது புயலாகிவிட்ட செய்தி மேட்டுப்பாளையத்தில் டீக்கடைத் தொலைக்காட்சியில் ஓடியது. கையில் டம்ளரோடு நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

சனி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்தும் நகரவில்லை, அங்கேயே நின்று பெய்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை. அம்மாவின் செல்பேசி அடங்கிவிட்டது. 71 வயது, சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்பவர், வீட்டில் தனியாக. ஞாயிறு காலை ஆறு மணிக்கு எதிர் வீட்டுப் பையன் அழைத்தான்: "பெரியம்மா நன்றாக இருக்கிறார், மழையும் விட்டுவிட்டது." அந்தச் சொல்லை நம்பிப் போட்டியில் இறங்கினேன். பனிமூட்டம், தூறல், பாதை முழுவதும் களி. இரண்டு சுற்று முடித்து வந்தபோது எனக்கு முன்னால் என் பிரிவில் மூன்று பேர்தான் இருந்தார்கள். ஆறு ஆண்டுகளில் நான் அந்த இடத்தில் இருந்ததே இல்லை.

தண்ணீர் குடிக்க நின்றவன் செல்பேசியைப் பார்த்தேன். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பக்கம் மழை கொட்டுகிறது என்று அதே பையன் அனுப்பியிருந்தான். வேறொன்றும் எழுதவில்லை. ஆற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு அது போதும். தென்பெண்ணையில் எங்களுக்கு வரும் தண்ணீர் எங்கள் ஊர் மழை இல்லை, மேலே பெய்த மழை. போட்டி எண் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

திங்கள் விடியற்காலை தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டு ரயில்கள் நின்றன. அரசூர் அருகே திருச்சி நெடுஞ்சாலை மூழ்கியது. நான் சேலத்திலிருந்து சின்னசேலம், விருத்தாசலம், வடலூர் வழியாக வந்ததால் திங்கள் மதியம் கடலூர் சேர்ந்தேன். உப்பலவாடி என்றதும் ஆட்டோக்காரர்கள் தலையாட்டிவிட்டார்கள். பஸ் நிலையத்திலேயே பெட்டியைப் பிரித்துச் சைக்கிளைப் பூட்டி ஓட்டினேன். எங்கள் தெருவில் கணுக்காலளவு தண்ணீர். அம்மாவைப் பின்னால் உட்கார வைக்க கேரியர் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அவரை மறு கையால் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு வந்தோம். பிறகு மருந்துக்கும் துணிக்கும் இரண்டு முறை போய் வந்தேன். கடைசி முறை வீல் அச்சு தண்ணீருக்குள் இருந்தது. இரவு எங்கள் வீட்டில் இடுப்பளவு.

இந்த ஆண்டும் நவம்பர் கடைசி ஞாயிறுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கேட்க வேண்டியவை: எந்தச் செய்தியைப் பார்த்துப் போவது, இருப்பது என்று முடிவெடுக்கிறீர்கள்? ரயிலா, பஸ்ஸா? வெள்ளத்தில் ஓடிய சைக்கிளில் மிதிக்கும்போதெல்லாம் 'கறுக் கறுக்' என்று ஒரு சத்தம், இரண்டு பட்டறையில் காட்டியும் போகவில்லை, என்ன செய்யலாம்? கடைசியாக ஒன்று. போவது சரிதானா?

நெல்லித்தோப்புப் பட்டறை

தம்பி, சைக்கிளைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

அந்த வாரம் புதுச்சேரியில் தண்ணீரில் நின்ற சைக்கிள்கள் என் பட்டறைக்கு வரிசையாக வந்தன. எல்லாரும் மேலே கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். கெட்டது உள்ளே இருக்கிறது. ஓடிய சூட்டில் இருக்கும் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது ரப்பர் மூடியின் ஓரமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் போகும், சேறு போகாது. உங்கள் பக்கம் முகத்துவாரம் கிட்டே இருப்பதால் உப்பும் சேர்ந்திருக்கும். ஒரு வாரத்தில் துரு பிடிக்கும்.

மிதிக்கும்போது மட்டும் சத்தம் என்றால் முதலில் பெடல் அச்சுப் பேரிங்கைப் பாருங்கள். சட்டத்திலேயே தாழ்ந்த இடம் அதுதான், சட்டத்துக்குள் புகுந்த தண்ணீர் முழுவதும் அங்கே வந்து நிற்கும். கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கையை) கழற்றிவிட்டு விரலால் சுழற்றினால் மணல் அரைப்பது போலத் தெரியும். அதைத் துடைத்து கிரீஸ் வைத்துப் போட்டால் ஒரு மாதம் அடங்கி இருக்கும், மறுபடி வரும். இரண்டு பட்டறையிலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். புதிது போட்டுவிடுங்கள். சீட் கம்பியை உருவிச் சைக்கிளை ஒரு இரவு தலைகீழாக நிறுத்துங்கள். இத்தனை நாள் கழித்தும் துருத் தண்ணீர் சொட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். முன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களைத் திறந்து எண்ணெயின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த காப்பி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, எண்ணெயையும் பஞ்சு வளையத்தையும் மாற்ற வேண்டும். மிதிக்கும்போது பின் சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றும் பின் ஹப்பின் கொக்கிகளையும் விடாதீர்கள். அங்கே கிரீஸ் வெளுத்துப் போயிருந்தால், ஏற்றத்தில் ஒருநாள் மிதி வெறுமனே சுற்றும், கால் வழுக்கி விழுவீர்கள்.

வெள்ளத் தண்ணீரில் டீசல், எண்ணெய் எல்லாம் மிதக்கும். டிஸ்க் பிரேக் கட்டைகள் அதைக் குடித்திருந்தால் கத்தும், பிடிக்காது. தகட்டை மணல்தாளால் தேய்த்து ஸ்பிரிட்டால் துடையுங்கள், கட்டையை மாற்றுங்கள். மாற்றும்போது உலோகத்தூள் கட்டை வாங்குங்கள். ரெசின் கட்டை சத்தமில்லாமல் இருக்கும்; ஆனால் நீங்கள் சொல்லும் களியில் ஆறு மணி நேரம் இறங்கி ஏறினால் ஒரே நாளில் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசும். கோத்தகிரி இறக்கத்தில் அது வேண்டாம்.

பிரஷர் பம்பால் கழுவாதீர்கள். வெள்ளம் விட்டுவைத்த பேரிங்கையும் அது கெடுத்துவிடும்.

திருப்பாதிரிப்புலியூர் பார்சல்

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரயிலா பஸ்ஸா என்பதற்குப் பதில் சொல்கிறேன்.

சாதாரண நாளில் ரயில் நல்லது. பயணச் சீட்டைக் காட்டிச் சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்தால் பிரேக் வேனில் ஏற்றுவார்கள். பம்பு, விளக்கு, தண்ணீர்ப் பாட்டில் எதையும் அதில் விடக்கூடாது. பெயர், போகும் நிலையம், செல்பேசி எண் மூன்றையும் சைக்கிளில் இரண்டு இடத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். வண்டி இரண்டு நிமிடம் மட்டும் நிற்கும் நிலையத்தில் ஏற்றி இறக்குவது நடக்காத காரியம், ஆகவே பெரிய சந்திப்பிலிருந்து பதிவு செய்யுங்கள்.

புயல் வாரத்தில் மட்டும் ரயிலில் சைக்கிளை அனுப்பாதீர்கள். வழி மாற்றி விடுவார்கள், அல்லது நடுவில் நிறுத்திப் பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். நீங்கள் இறங்கிவிடலாம், வேனில் இருக்கும் உங்கள் பெட்டியை நினைத்த இடத்தில் இறக்கிக் கொடுக்க எங்களால் முடியாது. அது எந்த ஊர் போய்ச் சேருகிறதோ அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். அன்று உங்கள் கையில் சைக்கிள் இல்லாமல் ரசீது மட்டும் இருந்திருந்தால், பஸ் நிலையத்திலிருந்து உப்பலவாடிக்கு எப்படிப் போயிருப்பீர்கள்?

பஸ்ஸும் விழுப்புரம் வழியாகப் போகும் பஸ் வேண்டாம். விழுப்புரம் பக்கம் போனால் தென்பெண்ணையைத் தாண்டியாக வேண்டும், அதன் துணை ஆறுகளும் அங்கேதான். நீங்கள் திரும்பி வந்த விருத்தாசலம், சின்னசேலம், சேலம் வழியே போங்கள், அதே வழியே வாருங்கள்.

லாஸ்பேட்டை மிதி

அண்ணா, வணக்கம். இரண்டு சுற்று முடித்து நான்காவது இடத்தில் இருந்தவர் எண் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார் என்று படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அதை எழுதாமல் மேலே போக முடியவில்லை.

பூட்டானில் டூர் ஆஃப் தி டிராகன் என்ற மவுண்டன் பைக் போட்டிக்கு ஒருமுறை போயிருக்கிறேன். பும்தாங்கிலிருந்து திம்பு வரை 268 கிலோமீட்டர், ஒரே நாளில். இரவு இரண்டு மணிக்கு இருட்டில் தொடங்குவார்கள். கடைசிக் கணவாயான தோச்சுலா 3,100 மீட்டருக்கு மேல். மழைக்காலம் முழுதாக ஓயாத செப்டம்பரில் நடப்பதால், மண் சரிந்து பாதை அடைபடுவது அங்கே வாடிக்கை. நான் ஐந்து நாள் முன்பே போய்விட்டேன். வழியில் ஒரு முழு நாள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். இரண்டு நாள் மட்டும் கையில் வைத்துக்கொண்டு போயிருந்தால் ஒரு நாள் போய், மறு நாள் பதற்றத்தில் போயிருக்கும். கோத்தகிரிக்கும் இதே கணக்குத்தான். மேட்டுப்பாளையத்துக்கு மேலே மண் சரிவது நவம்பரில் புதிதில்லை. மலை ரயிலே அந்த மாதங்களில் எத்தனை முறை நிற்கிறது. ஆகவே புதன்கிழமையே கிளம்புங்கள். கடை இன்னும் சில நாள் கூடுதலாக மூடியிருக்கும், தெரியும்.

குளிரைப் பற்றி ஒன்று. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். கோத்தகிரி 1,800 மீட்டர் அளவில் இருக்கிறது. நம் ஊரில் 27 டிகிரி இருக்கும் நாளில் அங்கே 15 டிகிரி, அதுவும் நனைந்த உடம்போடு காற்றில். கடலோரத்து உடம்புக்கு அது பழக்கமில்லை. நான் முதலில் இழப்பது விரல்களை. பிரேக் பிடிக்கிறேனா இல்லையா என்றே தெரியாமல் போகும். மூன்று ஜோடி கையுறை எடுத்துப் போங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு ஜோடி மாற்றுங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் குடியுங்கள். கடலை மிட்டாயைச் சிறு துண்டுகளாக உடைத்துச் சட்டையின் பின்பையில் வைத்துக்கொள்வேன். விரல் விறைத்தாலும் எடுத்துத் தின்ன முடியும்.

டயர் காற்றைக் கேப்பர் மலைக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் குறையுங்கள். நம் செம்மண் நனைந்தாலும் ஓரளவு பிடிக்கும். தேயிலைத் தோட்டத்து வேர்கள் பிடிக்காது.

தாழங்குடா

அண்ணா, நானும் உங்கள் ஆற்றங்கரைதான். செவிலியராக இருக்கிறேன், சைக்கிள் ஓட்டத் தெரியாது. என் தம்பி இந்தப் பக்கத்தை அனுப்பினான்.

எந்தச் செய்தியைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். எல்லாரும் துறைமுகத்துக் கூண்டைப் பார்க்கிறோம். 1, 2 என்றால் தொலைவில் இருக்கிறது, 3 முதல் துறைமுகத்துக்கே அச்சம், 8, 9, 10 பேராபத்து என்று சின்ன வயதிலேயே மனப்பாடம். ஆனால் கூண்டு கடலுக்கு. கூண்டை இறக்கிய பிறகுதான் 2024-இல் எங்களுக்கு ஆபத்து வந்தது. மழை விட்டு, வெயில் அடித்து, துணி காயப்போட்ட பிறகு ஆறு வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தால் அந்தத் தண்ணீருக்குத் தென்பெண்ணையை விட்டால் போக இடமில்லை. நான் இப்போது பார்ப்பது சாத்தனூர் அணையின் மட்டத்தை. முழு அளவு 119 அடி. புயல் உருவாகும் முன்பே அணை நிறைந்திருந்தால், மேலே பெய்வது எல்லாம் அப்படியே கீழே வரும் என்று பொருள். அன்று நான் வீட்டில் யாரையும் தங்க விடமாட்டேன். அணை பாதி இருந்தால் ஒன்றிரண்டு நாள் தாங்கும். புயலுக்கு ஒரு நாள், ஆற்றுக்கு மூன்று நாள் என்று சேர்த்து எண்ணுங்கள்.

இன்சுலினுக்கு: திறந்து பயன்படுத்தும் பேனாவை வெயில் படாமல், 30 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்தால் நான்கு வாரம் வரை குளிர்பெட்டி இல்லாமலும் இருக்கும். மின்சாரம் போனதும் பதறிப் பனிக்கட்டியில் புதைக்காதீர்கள், உறைந்தால் மருந்து கெட்டுவிடும். ஈர மணல் போட்ட மண்பானைக்குள், ஒரு டப்பாவில் வைத்து மூடுங்கள். திறக்காத மருந்தை மின்சாரம் இருக்கும் உறவினர் வீட்டுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

போவது சரியா என்று எங்களைக் கேட்டிருக்கிறீர்கள். அம்மாவைக் கேட்டீர்களா? நீங்கள் எழுதியதில் அவர் எங்கே இருந்தார், எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்பதெல்லாம் இருக்கிறது. அவர் சொன்ன சொல் ஒன்றுகூட இல்லை. என் அம்மாவும் இந்த ஆற்றங்கரைக்காரர். அவர்களுக்கு நம்மைவிட ஆறு தெரியும்.

உப்பலவாடி

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

நெல்லித்தோப்பு அண்ணன் சொன்னபடி சீட் கம்பியை உருவித் தலைகீழாக நிறுத்தினேன். காலையில் தரையில் செங்கல் நிறத்தில் ஒரு கை அளவு தண்ணீர். பெடல் அச்சுக்குப் புதிய பேரிங் போட்டாயிற்று, சத்தம் நின்றுவிட்டது. ஃபோர்க்கைத் திறக்க அடுத்த வாரம் புதுச்சேரிக்கே கொண்டுவருகிறேன்.

தாழங்குடா சகோதரி கேட்டதை அன்று இரவே அம்மாவிடம் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அதுவரை கேட்டதில்லை. அவர் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை. "நீ இருந்திருந்தால் மட்டும் ஆறு வராமல் போயிருக்குமா? நான் பயந்தது தண்ணீருக்கு இல்லை. நீ அந்த மலையிலிருந்து பதறிக்கொண்டு ஓட்டி வருவாயே என்றுதான் பயந்தேன்" என்றார். பிறகு 1972 வெள்ளத்தில் தாத்தா இவர்களை எந்தத் திண்ணையில் ஏற்றிவிட்டார் என்று சொல்லத் தொடங்கி, ஒரு மணி நேரம் சொன்னார். எனக்கு அதில் பாதி தெரியாது.

வடலூரில் அக்கா வீடு இருக்கிறது. மேட்டுப் பகுதி, விருத்தாசலம் போகும் வழியிலேயே. போட்டிக்கு முந்தைய புதன்கிழமை நானும் அம்மாவும் ஒரே பஸ்ஸில் கிளம்புகிறோம். சாத்தனூரில் தண்ணீர் எவ்வளவு இருந்தாலும், வானம் தெளிவாக இருந்தாலும் கிளம்புகிறோம். அவர் வடலூரில் இறங்குவார், நான் சைக்கிள் பெட்டியோடு சேலம் போகிறேன். திரும்பி வரும்போது அங்கே இறங்கி, ஆற்றுச் செய்தி பார்த்த பிறகுதான் இருவரும் உப்பலவாடிக்கு வருவோம். திறக்காத இன்சுலினை அக்கா நேற்றே வந்து எடுத்துப்போய்விட்டார்.

அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். இரண்டு ஆடுகள் இருக்கின்றன, அவையும் வர வேண்டும். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். எதிர் வீட்டுப் பையன் தன் மாமாவின் மீன் வண்டியில் செவ்வாய்க்கிழமையே கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

லாஸ்பேட்டைத் தம்பி, கையுறை இரண்டு ஜோடிதான் இருக்கிறது. மூன்றாவது வாங்குகிறேன். காற்றை எவ்வளவு குறைக்க வேண்டும்? என் எடை 68 கிலோ, முன்னும் பின்னும் டியூப்லெஸ்.